பதினாறு முடிந்த பிறகு: உறவா, குழுவா, ஆலோசகரா, மாத்திரையா?

பந்தல்காரர் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள்தான் பல வீடுகளில் துக்கம் தொடங்குகிறது. அதுவரை ஆள், பேச்சு, காப்பி, வேலை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடைசியாகத் தங்கியிருந்த சித்தியும் பஸ் ஏறிவிட்டால், 'இனி என்ன செய்வது?' என்ற கேள்வி மட்டும் வீட்டில் இருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்ட மூன்று பேரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒருவர், கணவர் இறந்து ஐந்து வாரம் ஆன பெண். அழுகை நிற்கவில்லை. அண்ணன் 'கவுன்சலிங் போ' என்கிறார், மாமியார் 'அதெல்லாம் எதுக்கு' என்கிறார். இரண்டாமவர் அறுபதைத் தாண்டியவர். மனைவி போய்ப் பதினான்கு மாதம் ஆகியும் சமையலறைக்குள் கால் வைக்க முடியவில்லை. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, இரவில் குடி. மூன்றாமவர் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள். அப்பா இறந்து நான்கு மாதம். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த தூக்க மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

இவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்குதான். ஆனால் மூன்று பேரின் துக்கமும் மூன்று இடத்தில் நிற்கிறது. எந்த இடம் என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் காசும் காலமும்தான் போகும்.

உள்ளே என்ன நடக்கிறது

எங்கள் அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. மாலை ஆறே முக்காலுக்குத் தெருமுனையில் அதன் சத்தம் திரும்பும். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வாசல் கேட்டின் தாழ்ப்பாளைத் திறக்கப் போவார். அப்பா இறந்த பிறகும் அதே மாதிரி வண்டி ஒன்று அந்தத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் அம்மா எழுந்துவிடுவார். அடுப்பைத் தணிப்பார், படி வரை போவார், நிற்பார், திரும்பி வருவார். பார்த்த உறவினர்கள், புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தார்கள்.

பேதலிக்கவில்லை. கூட வாழ்ந்தவர் எப்போது எங்கே இருப்பார் என்று மூளை பல வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறது. 'அவர் இறந்துவிட்டார்' என்பது ஒரு செய்தி. 'ஆறே முக்காலுக்கு வருவார்' என்பது பழக்கம். செய்தி ஒரு நொடியில் ஏறிவிடும், பழக்கம் அழிய மாதங்கள் ஆகும். அவர் வராத ஒவ்வொரு மாலையும் மூளைக்கு ஒரு பாடம்.

அமெரிக்க ஆய்வாளர் மேரி-பிரான்சிஸ் ஓ'கானரும் சக ஆய்வாளர்களும், மார்பகப் புற்றுநோயில் தாயையோ சகோதரியையோ இழந்த பெண்களுக்கு மூளை ஸ்கேன் எடுத்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவரின் படத்தைக் காட்டியபோது எல்லோரிடமும் வலி சார்ந்த பகுதிகள் இயங்கின. துக்கம் தேங்கிப்போன பெண்களிடம் மட்டும் கூடுதலாக நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியும் விழித்துக்கொண்டது. அது ஆசைப்பட்டது கிடைக்கப்போகிறது என்று மூளை எதிர்பார்க்கும்போது இயங்கும் இடம். அவர்களின் மூளை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது என்று இதைப் படிக்கலாம். 23 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், இதன் மேல் மாளிகை கட்ட வேண்டாம். ஆனால் டிவிஎஸ் சத்தத்துக்கு எழுந்த அம்மாவை எனக்குப் புரியவைத்தது இதுதான்.

உடம்பின் கதை வேறு. முதல் வாரங்களில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடும், தூக்கம் உடையும், ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறும். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த சுமார் 2,000 பேரிடம் விசாரித்து 2012-ல் வெளியான ஆய்வில், நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து வழக்கத்தைப் போல் 21 மடங்கு இருந்தது. நாளாக நாளாக அது இறங்குகிறது. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த 'டக்கோட்சுபோ' என்பதும் உண்டு. பெரும் அதிர்ச்சியில் இதயத்தின் கீழ்ப்பகுதி பலூன் போல உப்பிவிடும். எக்ஸ்ரே படத்தில் அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானை மாதிரி தெரிவதால் அந்தப் பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் வந்த நேரத்தில் மாரடைப்பா இதுவா என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. 'துக்கத்தில் நெஞ்சு அடைக்குது' என்று பாட்டிமார் சொன்னதை உவமை என்று ஒதுக்காதீர்கள். நெஞ்சுவலி என்றால் 108-தான்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், எத்தனை மாதம் ஆயிற்று என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் 'நீடித்த துயர்க் கோளாறு' என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் தணியாமல், அன்றாட வாழ்க்கையே முடங்கியிருந்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்திருக்கிறார்கள். இயற்கையாக இறந்தவர்களின் உற்றாரில் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது என்று 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். மீதி ஒன்பது பேர் சிகிச்சை என்ற பெயரில் எதுவும் இல்லாமலே மெல்ல நடக்கத் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது, எங்கே சிக்கியிருக்கிறது: உடம்பிலா, ஏக்கத்திலா, அன்றாட வேலையிலா? மூன்றாவது, சாவு எப்படி நேர்ந்தது: முதுமையா, விபத்தா, தற்கொலையா, பிள்ளையின் சாவா? நான்காவது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். ஐந்தாவது, செலவு. பணம் மட்டுமில்லை, பஸ் நேரம், விடுப்பு, 'அந்த டாக்டர்கிட்ட போறாங்களாம்' என்ற ஊர்ப்பேச்சு எல்லாம் சேர்த்து.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். 1969-ல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அதைச் சொன்னது, தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பார்த்து. பின்னால் அதை உற்றாரின் தலையில் கட்டிவிட்டார்கள்.

| | உறவும் சடங்கும் | ஒத்த துக்கக்காரர் குழு | ஆலோசகர் | மனநல மருத்துவர், மாத்திரை |
|---|---|---|---|---|
| எப்போது | முதல் நாளிலிருந்து | பேசத் தோன்றும்போது | ஆறு மாதம் கடந்தும் அசையாவிட்டால். கொடிய சாவானால் முன்பே | மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் இருந்தால் எப்போதும் |
| எதற்கு | தனிமை, அன்றாடம் | 'எனக்கு மட்டும்தானா' என்ற எண்ணம் | தேங்கிய ஏக்கம், குற்ற உணர்வு | சோர்வு, பதற்றம் |
| பணம் | காரியச் செலவு | அநேகமாக இல்லை | தனியாரிடம் கணிசம் | அரசு மருத்துவமனையில் இலவசம் |
| மறைந்த செலவு | வாயை மூடவைப்பது | ஒப்பிட்டுப் பார்ப்பது | முதலில் வலி கூடுவது | தூக்க மாத்திரைப் பழக்கம் |

உறவு, சடங்கு, காலம்

முதல் ஆறு மாதத்துக்குப் பெரும்பாலானவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். காரணம் பக்தி இல்லை. ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள்: இறந்தவரை நேராக விளித்து, 'என்னை விட்டுப் போனியே' என்று சண்டை போட்டு, அவர் செய்தது செய்யாதது எல்லாவற்றையும் ஊர் கேட்கச் சொல்லி அழுவது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு சிகிச்சை அறையில் செய்யவைப்பதும் ஏறக்குறைய இதைத்தான், கீழே வருகிறேன். எட்டாம் நாள், பதினாறு, மாசாமாசம் திதி, தலைத்திவசம் என்று இடைவெளி விட்டு விட்டு வரும் நாட்கள், 'இன்றைக்கு அழலாம், நாளைக்கு வேலையைப் பார்க்கலாம்' என்று வகுத்துத் தருகின்றன. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் அப்படித்தான்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபே, ஷூட் இருவரும் 1999-ல் சொன்ன கருத்து இதோடு பொருந்துகிறது. துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமுமாக ஊஞ்சல் போல ஆடுகிறார். ஆட்டம் இருக்கும்வரை பயமில்லை, ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் சிக்கல். காலையில் கதறியவர் மதியம் சீரியல் பார்த்துச் சிரித்தால் 'அதுக்குள்ள மறந்துட்டா' என்று சொல்லும் வாய்க்கு இதைச் சொல்லலாம்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். ஒன்று, பதினாறு முடிந்ததும் 'இனி அழக்கூடாது, பிள்ளைங்களைப் பார்' என்ற கட்டளை. இன்னொன்று, கணவனை இழந்த பெண்ணைப் பொட்டும் பூவும் பறித்து மூலையில் உட்காரவைக்கும் சடங்கு இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அதில் ஆறுதல் எதுவும் இல்லை, இரண்டாவது தண்டனை அது. வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டும். ஆண்களுக்கு நேர்வது வேறு: மச்சான்மார் துக்கத்துக்கு என்று ஊற்றிக் கொடுத்த முதல் குவளை, மூன்றாம் மாதம் தினசரி ஆகிவிடும். பிரிட்டனில் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்து 1969-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் அவர்களின் இறப்பு எதிர்பார்த்ததைவிட 40 சதவீதம் கூடியிருந்தது. அப்படிக் கூடியதில் பெரும் பங்கு இதய நோய்ச் சாவு.

அப்புறம், எல்லோரும் மனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது உடம்பை யாரும் பார்ப்பதில்லை. அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளை வாரக்கிழமை போட்ட டப்பாவில் பிரித்து வைத்தவர் அப்பா. அவர் போன இரண்டாம் மாதம் டப்பாவைத் திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அறையில் அப்பா போட்ட மாத்திரை அப்படியே இருந்தது. சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் வீடு, பிரஷர், சர்க்கரை, மாத்திரைக்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் கூட நடக்க ஒரு ஆளையும்.

அதே துக்கம் பட்டவர்கள்

பிள்ளையை இழந்தவர்களுக்கும், வீட்டில் தற்கொலை நடந்தவர்களுக்கும் உறவுக்காரர்களைவிட இது மேல். தற்கொலை என்றால் துக்கம் விசாரிக்க வருபவர் பாதிப் பேர் உண்மையிலேயே விசாரிக்கத்தான் வருகிறார்கள்: என்ன சண்டை, கடன் இருந்ததா, காதலா? அதே அனுபவம் உள்ளவர் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

பெருநகரங்களுக்கு வெளியே முறையான குழுக்கள் அரிது. இணையவழிக் கூட்டங்கள் கொஞ்சம் உண்டு. தேடிக் கிடைக்காவிட்டால், அதே இழப்பைப் பட்ட ஒரே ஒருவர் போதும். வாரம் ஒரு முறை கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து பேசினாலும் நடக்கும். நடத்துபவர் இல்லாத வாட்ஸாப் குழுவைத்தான் நான் ஆதரிக்கமாட்டேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு இன்னொருவரின் மார்ச்சுவரிக் கதை வந்து விழும். 'உனக்காவது இன்னொரு பிள்ளை இருக்கு' என்ற வார்த்தையும் அங்கேதான் வரும்.

ஆலோசகர், உளவியல் சிகிச்சை

துக்கப்பட்ட எல்லோரையும் ஆலோசனைக்கு அனுப்பினால் நல்லதா? 2008-ல் 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொத்தாம்பொதுவாகக் கொடுத்த ஆலோசனையின் பலன் சொற்பம், அதுவும் நாளாக ஆகக் கரைந்துவிட்டது. சிரமத்தில் இருப்பவர்களாகப் பார்த்துக் கொடுத்தபோதுதான் பலன் தெரிந்தது. ஐந்தாம் வாரத்தில் அழுவதற்காக மட்டும் ஆலோசகரிடம் ஓட வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

தேங்கிப்போன துக்கத்துக்கோ நிலைமை தலைகீழ். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் இதற்கென்றே 16 அமர்வுகள் கொண்ட முறையை உருவாக்கினார். சாவு நேர்ந்த அந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இறந்தவரோடு கற்பனையில் உரையாடல் உண்டு. போகப் பயந்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போக வேண்டும். கூடவே, 'இந்த வலி இல்லாவிட்டால் உனக்கு என்ன செய்ய ஆசை' என்ற கேள்வியும் முதலிலிருந்தே வரும். 2005-ல் வெளியான ஒப்பீட்டில் இந்த முறையில் 51 சதவீதம் பேர் தேறினார்கள், வழக்கமான உளவியல் சிகிச்சையில் 28 சதவீதம்தான்.

செலவைப் பேசுவோம். இங்கே 'கவுன்சலிங்' என்ற பலகைக்குப் பின்னால் அறிவுரைக் கடையும் இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கும். எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். 'துக்கத்துக்கு எப்படி வேலை செய்வீர்கள்?' என்றும் கேளுங்கள். பாசிட்டிவாக யோசிக்கச் சொல்வேன் என்பது பதிலானால் எழுந்து வந்துவிடலாம். சொல்லிச் சொல்லி அழும் முதல் சில வாரங்களில் வலி கூடும். இரண்டாவது அமர்வோடு பலர் நின்றுவிடுவது அதனால்தான். காப்பீடு இருக்கிறதே என்றால், மனநலத்துக்கும் உடல்நலம் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது; ஆனால் பல பாலிசிகளில் வெளிநோயாளிச் செலவே கிடையாது, அமர்வுக் கட்டணம் கைக்காசுதான். சின்ன ஊரில் தெரிந்தவர் கண்ணில் பட விருப்பமில்லை என்றால் வீடியோ அமர்வு கைகொடுக்கும், வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருந்தால்.

மனநல மருத்துவர், மாத்திரை

ஷியர் குழுவே 395 பேரை வைத்து 2016-ல் இதையும் சோதித்தது. சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது துக்கம் கூடுதலாகக் குறையவில்லை, கூட இருந்த மனச்சோர்வு குறைந்தது. ஆக, ஏக்கத்துக்கு மாத்திரை இல்லை, சோர்வுக்கு உண்டு. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? துக்கம் அலை அலையாக வரும். நடுவில் பேரன் வந்தால் முகம் மலரும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் நாள் முழுக்க ஓடும்.

தூக்க மாத்திரை தனிக் கதை. அல்பிரசோலம், டயஸிபாம் வகையெல்லாம் மருந்துச்சீட்டைப் பதிவேட்டில் ஏற்றித்தான் விற்க வேண்டியவை. அப்படியும் தெரிந்த கடையில் கிடைத்துவிடுகிறது. 2001-ல் பிரிட்டனில் புதிதாகத் துணையை இழந்தவர்களுக்கு டயஸிபாம் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனையில் துக்கம் எந்த வகையிலும் சுலபமாகவில்லை. சில நாள் தூங்கவைக்க மருத்துவர் எழுதினால் சரி. மாதக்கணக்கில் போனால் பழக்கமாகும். வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும்.

மனநல மருத்துவரிடம் போக வேண்டியவர் தள்ளிப்போடவும் கூடாது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதும் மருந்தும் இலவசம். வரிசையும் நேரக் குறைவும்தான் அதன் செலவு. 'அவர் போன இடத்துக்கே நானும் போகணும்' என்று ஒருவர் வாயில் வந்தால், எத்தனையாவது வாரம் என்று பார்க்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா?

பட்டியலில் இல்லாத ஐந்தாவது வழி. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவதும் இதுதான். கணவர் போனது ஒரு இழப்பு. வீடு, தெரு, பூக்காரம்மா, எதிர்வீட்டுத் திண்ணை போவது அடுத்தது. ஏழாவது மாடி ஃபிளாட்டில் அம்மாவுக்குப் பாதுகாப்பு கிடைக்கும், பேச்சுத்துணை கிடைக்காது. முடிந்தால் முதல் வருடம் பிள்ளைகள் முறை வைத்து அங்கே போய்த் தங்குங்கள். வீட்டை விற்கும் பேச்சைத் தலைத்திவசம் வரை எடுக்காதீர்கள். தனியாக விட முடியாத உடல்நிலை என்றால் கூட்டி வரத்தான் வேண்டும். அப்போது ஊருக்குப் போய்வர ரிட்டர்ன் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள்.

அந்த மூன்று பேருக்கு

ஐந்து வாரம் ஆன பெண்: அண்ணனும் மாமியாரும் ஆளுக்குப் பாதி சரி. இப்போதைக்கு ஆலோசகர் வேண்டாம். அழவிடும் ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும், ரத்த அழுத்தம் ஒருமுறை பார்க்க வேண்டும், சாப்பாடு இறங்க வேண்டும். ஆறாவது மாதம் திரும்பிப் பாருங்கள்; அசையாமல் நின்றால் அண்ணன் சொன்னதைக் கேளுங்கள்.

அறுபதைத் தாண்டியவர்: நீங்கள் இனியும் காலத்துக்கு விட வேண்டாம். பதினான்கு மாதம் ஒரு அறைக்குள் நுழைய முடியவில்லை என்பது, நான் மேலே சொன்ன 16 அமர்வு முறை குறிவைக்கும் அதே இடம். முதலில் மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், குடியை மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதையும் அவர்தான் பார்த்துக் குறைக்க வேண்டும். பிறகு உளவியலாளர்.

பெங்களூர் மகள்: அந்த மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் அல்பிரசோலமோ அதே வகை மாத்திரையோ என்றால், நான்கு மாதமாகச் சாப்பிடுவதைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்த வாரக் கடைசியில் கும்பகோணம் போய் அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகும்போது சர்க்கரை மாத்திரை டப்பாவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.